யூதாஸுக்கு ஏலக்காரர் முகம்! - கல்கத்தாவையே கடுப்பேத்திய ஓவியர் ஸோஃபனியின் கதை

ஒரு கற்பனை. உங்க ஊர்க் கோயில்ல புதுசா சூரசம்ஹார ஓவியம் ஒண்ணு வைக்கிறாங்க. கும்பாபிஷேகத்தன்னிக்கு ஊரே கூடி அண்ணாந்து பார்க்குது. முருகனுக்குப் பக்கத்து ஊர்ப் பூசாரியோட முகம். சரி, நல்லாத்தான் இருக்கு. ஆனா சூரபத்மனுக்கு? முடிச்சூர் மெயின் ரோட்ல கடை வெச்சிருக்கிற, எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வியாபாரியோட முகம். அவரும் குடும்பத்தோட அந்தக் கூட்டத்துல நிக்கிறார். அடுத்த பத்து நிமிஷத்துல ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

வாட்ஸ்அப் இல்லாத காலத்தில், 1787-ல், இது கல்கத்தாவில் நிஜமாகவே நடந்தது. ஓவியம், இயேசு தன் சீடர்களோடு சாப்பிட்ட கடைசி இராப்போஜனம். இடம், அந்த வருஷம் ஜூன் 24-ம் தேதி திறக்கப்பட்ட செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். வரைந்தவர், ஒருகாலத்தில் இங்கிலாந்து மன்னரின் செல்லப் பிள்ளையாக இருந்து, பிறகு அதே மன்னரின் கோபத்தைச் சம்பாதித்த யோஹன் ஸோஃபனி. அந்தக் கோபத்துக்குக் காரணமும் இதேதான். வரையக் கூடாத இடத்தில் தெரிந்தவர்களின் முகத்தை வரைந்தது. ஒருமுறை சூடுபட்ட பிறகும் திருந்தாத மனுஷன் என்று சொல்லலாம். அவருக்கு அதுதான் தொழிலே என்றும் சொல்லலாம். கதையைப் படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஸோஃபனி பிறந்தது 1733-ல், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் அருகே. அப்பா ஒரு பிரபுவின் அரண்மனையில் மர வேலைக்காரர். மேஜை, அலமாரி, கதவு எல்லாம் இழைத்துச் செய்கிற கைத்தொழில்காரர். அதனால் பையனுக்கும் சின்ன வயசிலேயே அரண்மனை வாசலும் பழக்கம், உளிச் சத்தமும் பழக்கம். பதினேழு வயசில் ரோமுக்குக் கிளம்பிப்போய்ப் படம் போடக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து ஜெர்மனியில் ஒரு பேராயரின் அரண்மனைச் சுவர்களில் ஓவியம் வரைந்தார். கல்யாணமும் ஆனது. பாதுகாப்பான வாழ்க்கை, நிரந்தர வேலை.

அதையெல்லாம் விட்டுவிட்டு 1760-ல் லண்டனுக்குப் போனார். மொழி சரியாக வராது, ஆள் தெரியாது. கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? கடிகாரத்தின் முகப்பில் குட்டிக் குட்டியாக இயற்கைக் காட்சி வரைவது. கடிகாரக் கடைக்காரர் ஒருவருக்குக் கூலிக்குச் செய்தார். அடுத்து, பெஞ்சமின் வில்சன் என்ற ஓவியரிடம் உதவியாளர் வேலை. வில்சன் முகத்தை வரைவார், உடுப்பு மடிப்புகளை ஸோஃபனி வரைவார். கையெழுத்து மட்டும் வில்சனுடையது. இன்னிக்கு டிசைன் ஏஜென்சிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும், விளக்க வேண்டியதில்லை. அவரோட மனைவிக்கு இந்தப் பிழைப்பு பிடிக்கவில்லை. ஜெர்மனிக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஆனால் வில்சனிடம் படம் வரையச் சொன்ன ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் கை வில்சனோட கை இல்லையே? சந்தேகப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை. டேவிட் கேரிக், அந்தக் காலத்து லண்டன் நாடக மேடையின் சூப்பர் ஸ்டார். நிஜமாக வரைந்தவரைத் தேடிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் நாடகக் காட்சிகளை அப்படியே வரையச் சொன்னார். மேடையில் கேரிக் புருவத்தை உயர்த்துகிற அந்த ஒரு நொடி, ஸோஃபனியின் படத்தில் அசையாமல் நின்றது. யோசித்துப் பார்த்தால் இன்றைய திரைப்பட ஸ்டில்ஸுக்குத் தாத்தா இந்தப் படங்கள்.

அங்கிருந்து ஏறுமுகம்தான். 1764-ல் ராணி சார்லட்டையும் இரண்டு இளவரசர்களையும் வரைந்தார். ராணியும் ஜெர்மன்காரி, இவரும் ஜெர்மன்காரர். அரண்மனைக்குள் தாய்மொழியில் பேசுகிற ஒரு ஓவியர் கிடைத்தால் ராணிக்குப் பிடிக்காமலா போகும்? மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ராயல் அகாடமியைத் தொடங்கியபோது, அடுத்த வருஷமே, 1769-ல், ஸோஃபனியைத் தானே உறுப்பினராக நியமித்தார்.

அந்த அகாடமி உறுப்பினர்களை ஸோஃபனி வரைந்த குரூப் போட்டோ, மன்னிக்கணும், குரூப் ஓவியம் ஒன்று ரொம்பப் பிரபலம். ஆடையில்லாத ஆண் மாடலைச் சுற்றி ஓவியர்கள் எல்லாரும் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். அகாடமியில் இரண்டு பெண்களும் உறுப்பினர்கள், ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோஸர். நிர்வாண மாடல் இருக்கிற அறைக்குள் பெண்கள் வரக் கூடாது என்பது அன்றைய விதி. அவர்களை விட்டுவிட்டாலும் தப்பு, உள்ளே சேர்த்தாலும் தப்பு. ஸோஃபனி என்ன செய்தார்? அந்த அறைச் சுவரில் மாட்டியிருக்கிற இரண்டு படங்களாக அந்தப் பெண்களை வரைந்துவிட்டார். சாமர்த்தியம் என்று அந்தக் காலத்தில் மெச்சியிருப்பார்கள். இன்னிக்குப் பார்க்கிற நமக்கு அந்த இரண்டு சட்டங்களும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கின்றன. உறுப்பினர் என்று பெயர், இருப்பதோ சுவரில்.

1772-ல் கேப்டன் குக்கின் இரண்டாவது உலகப் பயணத்தில் போக ஸோஃபனி தயாராக இருந்தார். கூட்டிப்போவதாக இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கும் கடற்படைக்கும் கப்பல் வசதி விஷயத்தில் தகராறு. பேங்க்ஸ் விலகிவிட, பயணம் புட்டுக்கிச்சு. கையில் வேலை இல்லை. அப்போதுதான் ராணி ஒரு பெரிய வேலை கொடுத்தார். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் உஃபிஸி கலைக்கூடம் இருக்கிறதல்லவா, அதில் டிரிபியூனா என்று எட்டு மூலை அறை ஒன்று. உலகத்தின் உச்சமான ஓவியங்களும் சிலைகளும் அங்கே இருப்பதாக அன்றைக்குப் பேச்சு. ராணியால் நேரில் போய்ப் பார்க்க முடியாது. நீ போய் அந்த அறையை அப்படியே வரைந்து கொண்டு வா என்று 300 பவுண்டு வழிச்செலவும் கொடுத்து அனுப்பினார்கள்.

போனவர் சீக்கிரம் திரும்பவில்லை. வருஷக்கணக்கில் வரைந்துகொண்டே இருந்தார். இதற்கிடையே ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவிடம் வேலை பார்த்து 1776-ல் பிரபுப் பட்டமும் வாங்கிக்கொண்டார். அவர் கூடவே மேரி தாமஸ் என்ற இளம்பெண் இருந்தார். ஜெர்மனியில் முதல் மனைவி உயிரோடு இருந்ததால் சட்டப்படி இவர் மனைவி ஆக முடியாது, ஆனால் குடும்பம் இவரோடுதான். பிளாரன்ஸில் இவர்களுடைய கைக்குழந்தை, ஒரே மகன், தவறி விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு ஸோஃபனி தன்னையே வரைந்துகொண்ட படங்களில் கையில் மண்டை ஓடு இருக்கிறது. முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கிறது. அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று சொல்வது கஷ்டம்.

சரி, டிரிபியூனா படத்துக்கு வருவோம். சிலைகள், ரஃபேல், டிஷன் எல்லாம் தத்ரூபம். பிரச்னை என்னவென்றால், கூடவே இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள்! பிளாரன்ஸுக்குச் சுற்றுலா வந்த இங்கிலாந்துக் கனவான்கள், ஓவியரின் நண்பர்கள், போதாக்குறைக்கு ஸோஃபனியே ஒரு மூலையில் ரஃபேலின் மாதா படத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வீனஸ் சிலையின் பின்பக்கத்தை ஒரு கூட்டம் குனிந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறது. மன்னருக்கும் ராணிக்கும் இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. காசு கொடுத்தது கலையைப் பார்க்க, ஊர்சுற்றிகளின் முகத்தைப் பார்க்க அல்ல. படத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதோடு அரண்மனைக் கதவு சாத்தப்பட்டது.

1779-ல் லண்டன் திரும்பிய ஸோஃபனிக்கு வயசு 46. அந்த ஏழு வருஷத்தில் ஃபேஷன் மாறிவிட்டது. புது ஓவியர்கள் வந்துவிட்டார்கள். வீட்டில் மேரியும் சின்னப் பெண் குழந்தைகளும். அவர் என்ன நினைத்தார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை. பொன் துகளில் புரளப் போகிறேன் என்கிற கனவோடு இந்தியாவுக்குக் கிளம்பினார் என்பது அவருடைய சகாக்களே கிண்டலாகப் பேசிக்கொண்ட விஷயம். ஐம்பது வயசில், லே ஆஃப் ஆன ஆள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுவது நமக்குத் தெரியாத கதையா? முடிச்சூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வளைகுடாவில் பதினைஞ்சு வருஷம் இருந்து வந்த ஒரு அங்கிள் இருப்பார். ஸோஃபனிக்கு விமானத்துக்குப் பதில் கப்பல். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கேதான் நம்ம ஊர் உள்ளே வருகிறது. 1783 மார்ச்சில் புறப்பட்ட கப்பலின் பெயர் லார்ட் மெக்கார்ட்னி. அப்போது மெட்ராஸின் கவர்னர் பெயரும் அதேதான்! கப்பல் ஊழியர் பட்டியலில் பெயர் கொடுத்துத்தான் அவர் வந்தார் என்று ஒரு கதை உண்டு. ஜூலையில் மெட்ராஸ் கரை தெரிந்தது. துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் கப்பல் நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் நம்ம மீனவர்கள் வந்து ஆட்களை அலையில் தூக்கிப்போட்டுக் கரை சேர்ப்பார்கள். ராணிக்குப் படம் வரைந்த பாரன் ஸோஃபனியும் அப்படி நனைந்து நடுங்கித்தான் இறங்கியிருக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

அவர் பார்த்த மெட்ராஸ் மோசமான நேரத்தில் இருந்தது. மைசூரோடு போர் நடந்துகொண்டிருந்தது. முந்தைய டிசம்பரில் ஹைதர் அலி இறந்து திப்பு பொறுப்பேற்றிருந்தார். நம்ம செங்கல்பட்டுச் சீமை, அதாவது இன்றைய தாம்பரத்தைச் சுற்றியும் தெற்கேயும் இருக்கிற ஊர்கள், படைகள் மாறி மாறி மிதித்ததில் பாழாகிக் கிடந்தது. சனங்கள் ஊரைக் காலி செய்து பட்டணத்துக்கு ஓடினார்கள். பஞ்சம். பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பிற்காலத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. வடசென்னைப் பெரியவர்கள் இன்னும் அந்த இடத்தைக் கஞ்சித்தொட்டி என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் எண்ணெய் ஓவியத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? அவருக்கு முன்னால் 1769-ல் வந்த டில்லி கெட்டில், அடுத்து வந்த ஜார்ஜ் வில்லிசன் எல்லாம் ஆற்காடு நவாப் முகமது அலியை வரைந்து நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆனால் 1783-ல் நிலைமை வேற. ஸோஃபனி இங்கே அதிக நாள் தங்கவில்லை. செப்டம்பர் நடுவில் கல்கத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். நம்ம ஊருக்கு ஒரு பெரிய ஓவியர் கிடைத்திருக்க வேண்டியது, பஞ்சத்தில் நழுவிப் போய்விட்டது.

கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸே ஆதரித்தார். அவரையும் மனைவியையும் வரைந்தார். அங்கிருந்து லக்னோ. நவாப் ஆசஃப் உத் தௌலாவின் ஊர், பஞ்ச காலத்தில் சனங்களுக்கு வேலை கொடுக்கவே பெரிய இமாம்பாடாவைக் கட்டிய ஊர். அங்கே ஹேஸ்டிங்ஸுக்காக ஸோஃபனி வரைந்ததுதான் கர்னல் மார்டன்ட்டின் சேவல் சண்டை. நடுவில் நவாபும் ஆங்கிலேயக் கர்னலும் சேவலுக்காக எதிரும் புதிருமாக நிற்க, சுற்றிலும் ஏகப்பட்ட கூட்டம். வேலையாட்கள், பாட்டுக்காரர்கள், ஓரமாகச் சேவலைக் கையில் வைத்துத் தடவிக்கொடுப்பவர்கள். ஆடுகளம் படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பரபரப்பு உடனே பிடிபடும். ஒரு முகம்கூட இன்னொரு முகம் மாதிரி இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் பலருக்கு இந்தியர் என்றால் தலைப்பாகை கட்டிய நிழல். ஸோஃபனிக்கு ஒவ்வொருத்தரும் தனி ஆள். இந்த ஓவியம் இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது.

லக்னோ நண்பர்களோடு அவர் இருக்கிற இன்னொரு படம் கல்கத்தா விக்டோரியா மெமோரியலில் இருக்கிறது. கர்னல் போலியர், லா மார்ட்டினியர் பள்ளிகளுக்குப் பணம் எழுதிவைத்த கிளாட் மார்ட்டின், இவர்களோடு தூரிகையும் கையுமாக நம்மாள். முன்னால் பழமும் காய்கறியும் கூடை கூடையாக. ஒரு குரங்கும் உண்டு. நிம்மதியான காலம் என்று பார்த்தாலே தெரிகிறது.

அப்புறம் ஏன் இந்த மனுஷன் பைபிள் காட்சிக்குப் போனார்? இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவிய உலகத்திலும் ஒரு சாதி வரிசை இருந்தது. மேல்படியில் வரலாற்று ஓவியம். அதாவது பைபிள், புராணம், பழைய ரோம, கிரேக்கக் கதைகளைப் பெரிய அளவில் வரைவது. உருவப்படம் அதற்குக் கீழே. இயற்கைக் காட்சி, பூ, பழம் எல்லாம் இன்னும் கீழே. ஸோஃபனி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் குடும்பப் படம் போடுகிறவர் என்றுதான் பெயர். இதே நேரத்தில் லண்டனில், அதே அகாடமிக்காரர் பெஞ்சமின் வெஸ்ட்டை, விண்ட்ஸர் அரண்மனைத் தேவாலயத்துக்கு வரிசையாக பைபிள் காட்சிகள் வரைய மன்னர் அமர்த்தியிருந்தார். தன்னைக் கைவிட்ட அதே மன்னர்! ஸோஃபனிக்கு அது வலித்திருக்காதா? எனக்கு என்னவோ கல்கத்தா ஓவியத்தில் அந்த வலி கொஞ்சம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

கல்கத்தாவில் அப்போது புதுத் தேவாலயம் எழும்பிக்கொண்டிருந்தது. நிலம் கொடுத்தவர் நபகிருஷ்ண தேவ் என்ற வங்காள இந்து மகாராஜா. கல் வந்தது, இடிந்து கிடந்த பழைய கௌர் நகரத்திலிருந்து. உள்ளூர்க்காரர்கள் அதைக் கல் கோயில் என்ற அர்த்தத்தில் பாத்துரே கிர்ஜா என்றே கூப்பிட்டார்கள். பீடத்துக்கு மேலே ஒரு பெரிய ஓவியம் வேண்டும். நான் இலவசமாகவே தருகிறேன் என்று முன்வந்தார் ஸோஃபனி. தேவாலய நிர்வாகத்துக்கு ஏக சந்தோஷம், நன்றிக் கடிதமெல்லாம் எழுதினார்கள்.

இராப்போஜனம் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? லியனார்டோ டாவின்சி. ஒரு நீள மேஜை, நடுவில் இயேசு, இரண்டு பக்கமும் சீடர்கள். நம்மில் யாராவது ஒருத்தரோட ஹாலில், டிவிக்கு மேலேயோ சாப்பாட்டு மேஜைக்குப் பின்னாலேயோ, அதன் பிரின்ட் கட்டாயம் தொங்கும். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் மேஜையே அதிர்கிற கணம் அது. யாரது, நானா, நீயா என்று பன்னிரண்டு பேரும் திகைக்கிறார்கள். முப்பது வெள்ளிக்காசுக்கு விலைபோன யூதாஸ் ஒருவனுக்குத்தான் விடை தெரியும்.

ஸோஃபனியும் லியனார்டோவின் அமைப்பையே மனதில் வைத்துக்கொண்டார். ஆனால் முகங்களுக்கு அவர் இத்தாலிக்குப் போகவில்லை, கல்கத்தாத் தெருவுக்குப் போனார். இயேசுவுக்கு, ஊரில் இருந்த கிரேக்கத் தேவாலயத்தின் பாதிரியார் பார்த்தீனியோ. நீண்ட தாடி, சாந்தமான முகம், யாரும் குறை சொல்லவில்லை. யோவானுக்கு, வில்லியம் பிளாக்கியர் என்ற இளைஞர். பிற்காலத்தில் கல்கத்தா போலீஸ் மாஜிஸ்திரேட்டாக ரொம்ப வருஷம் இருந்தவர். பெண் மாதிரி மென்மையான முகம். திருடர்களைப் பிடிக்கப் புடவை கட்டி மாறுவேஷத்தில் போவார் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கதை உலவியது. ஓவியங்களில் யோவானுக்குத் தாடியில்லாத பிள்ளை முகம் கொடுப்பது வழக்கம்தான், அதனால் இதுவும் பொருத்தம்.

யூதாஸ்? வில்லியம் டல்லோ. ஊரறிந்த ஏலக்காரர்.

கல்கத்தாவில் ஏலக்காரர் என்றால் லேசான ஆள் இல்லை. கம்பெனி அதிகாரிகள் பாதிப் பேர் ஊருக்குத் திரும்புவார்கள், பாதிப் பேர் காய்ச்சலில் செத்துப்போவார்கள். இரண்டிலும் அவர்களோட சாமான் செட்டு, குதிரை, வண்டி, ஒயின் பெட்டி எல்லாம் ஏலத்துக்குத்தான் வரும். அத்தனை வீட்டு ரகசியமும் ஏலக்காரருக்குத் தெரியும். அத்தனை பேரும் அவரிடம் ஒருநாள் போய் நிற்க வேண்டும். அந்த மனிதரைத்தான் காசுக்கு குருவை விற்றவனாகப் பீடத்துக்கு மேலே உட்கார வைத்தார் ஸோஃபனி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊரே பார்க்கும். டல்லோ கோபத்தில் கொதித்தார், வழக்கே போட்டார் என்று சொல்வார்கள். வழக்கோ இல்லையோ, கல்கத்தா அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே. டல்லோ நல்லவரா கெட்டவரா என்று ஒருத்தருக்கும் கவலையில்லை. அவர் பேரைத் தேடினால் யூதாஸ்தான் வந்து நிற்கிறான். ஒரு ஓவியர் நினைத்தால் ஒரு மனிதனின் பெயரை எவ்வளவு காலத்துக்குக் கெடுக்க முடியும் பாருங்க. இதை வெறும் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. டல்லோவுக்குப் பதில் படம் வரைந்து மாட்ட முடியாது, ஸ்டோரி போட்டு விளக்கம் கொடுக்கவும் முடியாது.

முகம் மட்டுமல்ல, சாமான்களும் உள்ளூர்தான். படத்தைக் கவனமாகப் பார்த்தவர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். சுவரில் ஆணியில் தொங்குகிற பேதுருவின் வாள், கல்கத்தாவில் எந்த அலுவலக வாசலிலும் நிற்கிற சேவகன் வைத்திருக்கும் தல்வார் கத்தி. மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ப் பாத்திரம், வெற்றிலை போட்டுத் துப்புகிற படிக்கத்தின் வடிவம்! கீழே கிடப்பது தண்ணீர்க்காரர் தோளில் சுமந்து வருகிற தோல் பை. ஜெருசலேம் மாடி அறையில் படிக்கம் எப்படி வந்தது என்று சிலர் முகம் சுளித்தார்கள். பாலஸ்தீனத்துக்கு இங்கிலாந்தைவிட இந்தியா பக்கம்தானே, இங்கே இருக்கிற பொருள்தான் அந்தக் காலத்துக்கு நெருக்கமாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். இல்லை, கையில் கிடைத்ததை வரைந்திருக்கலாம். எப்படியானாலும் சேவல் சண்டையில் அத்தனை இந்திய முகங்களை வரைந்த அதே கை, இந்த மேஜையைச் சுற்றி இந்தியர் ஒருவரைக்கூட உட்கார வைக்கவில்லை. நம்மளோட கத்தி வந்தது, எச்சில் பாத்திரம் வந்தது, தண்ணீர்ப் பை வந்தது. தண்ணீர் தூக்கிவந்தவர் வரவில்லை.

1789-ல் ஸோஃபனி ஊர் திரும்பினார். சம்பாதிக்க வந்தவர், சம்பாதித்துக்கொண்டுதான் போனார். திரும்புகிற வழியில் அந்தமான் பக்கம் கப்பல் உடைந்து, பசியில் சீட்டுக் குலுக்கிப்போட்டு ஒரு மாலுமியைக் கொன்று தின்றார்கள், அதில் ஸோஃபனியும் ஒருவர் என்று ஒரு பயங்கரக் கதை இணையத்தில் சுற்றுகிறது. படிக்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. ஷேர் பண்ணுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்து ஷேர் பண்ணுங்க.

லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் நதிக்கரையில் ஸ்ட்ராண்ட் ஆன் தி கிரீன் என்ற இடத்தில் மேரியோடும் நான்கு பெண்களோடும் குடியேறினார். அங்கேயும் சும்மா இருந்தாரா? இன்னொரு இராப்போஜனம் வரைந்தார்! இந்த முறை சீடர்களுக்கு அக்கம்பக்கத்து மீனவர்களின் முகம். நியாயமாகப் பார்த்தால் இதுதான் சரி, இயேசுவின் சீடர்களில் பேதுரு முதல் பலர் மீன் பிடித்தவர்கள்தானே. பேதுருவாகத் தன்னையே வரைந்துகொண்டார் என்பார்கள். யூதாஸாக உள்ளூர்த் தேவாலயப் பிரமுகர் ஒருவரை வரைந்ததால் கியூ தேவாலயம் அந்தப் படத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டதாகவும் ஒரு பேச்சு. கடைசியில் பக்கத்து பிரென்ட்ஃபோர்டுத் தேவாலயத்துக்குப் போனது, இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறது. மன்னர் கோபித்துக்கொண்டார், ஏலக்காரர் கோபித்துக்கொண்டார், அப்புறமும் அதே வேலை. ஆள் மாறவே இல்லை.

முதல் மனைவி இறந்த பிறகு, 1805-ல் மேரியைச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு வயசு 72. கடைசி வருஷங்களில் நினைவும் கையும் தளர்ந்துவிட்டன, தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். 1810 நவம்பர் 11-ல் இறந்தார். கியூ தேவாலயத் தோட்டத்தில்தான் புதைத்தார்கள். படம் வேண்டாம் என்று சொன்னதாகப் பேசப்படுகிற அதே தேவாலயம்.

கல்கத்தா ஓவியம்? வங்காளத்து ஈரக்காற்றிலும் வெயிலிலும் நொந்து, இடையில் யார் யாரோ ஒட்டுப்போட்டு, நிறம் மங்கிக் கிடந்தது. 2010-ல் ஜெர்மனியிலிருந்து உதவி வந்து, இன்டாக் அமைப்போடு சேர்ந்து சுத்தம் செய்தார்கள். அழுக்கு போனதும் முகங்கள் பளிச்சென்று வெளியே வந்தன. டல்லோவும்தான்.

கொல்கத்தா போகிறவர்கள் விக்டோரியா மெமோரியலோடு திரும்பிவிடாமல் செயின்ட் ஜான்ஸுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க. ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கு. வளாகத்துக்குள்ளேயே கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையும் உண்டு. அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆறுதல் பரிசு இருக்கு. தாம்பரத்தில் பீச் லோக்கல் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்க. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-ல் திறந்த செயின்ட் மேரீஸ் தேவாலயத்தின் பீடத்துக்கு மேலே பாருங்க, அங்கேயும் ஒரு இராப்போஜன ஓவியம். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து அள்ளிவந்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு. யார் வரைந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து, ஜார்ஜ் வில்லிசன் பெயரும் அடிபடுகிறது. அந்த மேஜையில் இருக்கிறவர்கள் யார் யாரோட முகம் என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாருக்கும் கோபமும் இல்லை. கோட்டை வாசலில் பையைச் சோதனை போடுவாங்க, அடையாள அட்டை ஒண்ணு கையில வெச்சுக்கோங்க.